தொட்டி கட்டும் முன் குழாயைப் பார்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

உங்கள் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையப் பொறுப்பை நீ ஏற்றது எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால், வருகிற நீரை நிலையம் தாங்கவில்லை, இன்னொரு தொட்டி கட்டப் போகிறோம் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்தான் மனம் நின்றுவிட்டது. கொஞ்சம் பொறு. முதலில் குழாய்களைப் பார். கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும். ஓதம், அதாவது கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவது, ஏறினால் அதுவும் ஏறும். விரிசல் விட்ட இணைப்புகள் வழியாகவும் மேன்ஹோல் சுவர் வழியாகவும் உப்புநீர் உள்ளே கசியும். அதைச் சுத்திகரிக்கவா பணம் செலவழிப்பது?

கண்டுபிடிக்கும் வழி எளிது. எல்லோரும் தூங்குகிற பின்னிரவில், ஓதம் உச்சத்தில் இருக்கும்போது, உள்ளே வரும் நீரின் அளவையும் மின்கடத்துதிறனையும் குறித்துக்கொள். நீரில் உப்பு கூடினால் மின்கடத்துதிறனும் கூடும். ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில், கடல் வற்றி இருக்கும்போது மறுபடி பார். கடல்நீர் சென்டிமீட்டருக்குச் சுமார் 50,000 மைக்ரோசீமென்ஸ் காட்டும். வீட்டுக் கழிவுநீர் பெரும்பாலும் 1,000ஐ ஒட்டித்தான் இருக்கும். 2 சதவீதம் கடல்நீர் கலந்தாலே மீட்டர் காட்டும் அளவு இரட்டிப்பாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு மேன்ஹோலாக மேல்நோக்கிப் போனால், உப்பு எங்கே நுழைகிறது என்பது பிடிபட்டுவிடும்.

உப்பு வந்தால் கழிவைத் தின்று நீரைச் சுத்தமாக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும் என்று உன்னிடம் யாரோ சொன்னார்களாம். அது முழு உண்மையில்லை. ஒரே அளவில் உப்பு வந்தால் அவை மெல்லப் பழகிக்கொள்ளும். ஓதத்தோடு ஏறி இறங்கினால்தான் திணறும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறவை மெதுவாக வளர்பவை, அவைதான் முதலில் அடிபடும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். உப்புநீரிலோ ஆக்சிஜன் குறைவாகவே கரையும். தொட்டி நீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் கூடுதல் நேரம் ஓடும், கரண்ட் பில்லும் ஏறும். சுத்திகரித்த நீரை மரங்களுக்குப் பாய்ச்சலாம் என்ற உன் ஆசையும் நடக்காது. வழக்கமான நிலையம் எதுவும் உப்பைப் பிரிக்காது.

இன்னொன்று, இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கடல்நீரில் லிட்டருக்கு 2,700 மில்லிகிராம் அளவுக்கு சல்பேட் இருக்கிறது. காற்றில்லாத குழாயில் அது ஹைட்ரஜன் சல்பைடு என்ற, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் நச்சு வாயுவாக மாறும். பிறகு குழாயின் உள்ளே மேற்புறத்தில் கந்தக அமிலமாகி கான்கிரீட்டை அரிக்கும். கான்கிரீட் போனால் மாற்றிக்கொள்ளலாம், ஆள் போனால்? அந்த வாயு அதிகமாகும்போது மூக்கே மரத்துப்போகும். நாற்றம் இல்லை, அதனால் ஆபத்தில்லை என்று நம்பி யாரையும் மேன்ஹோலுக்குள் இறக்கிவிடாதே. மேலே நின்றே கயிற்றில் மீட்டரை இறக்கி அளக்கலாம். அடைப்பெடுக்க இயந்திரம் வைத்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் நீ வளைந்து கொடுக்காதே.

கசிவை அடைத்த பிறகும் நீர் நிலையத்துக்கு மீறி வந்தால், அப்போது தொட்டியைப் பற்றிப் பேசுவோம். இரண்டு இரவுகளின் அளவுகளையும் குழாய் வரைபடத்தையும் அனுப்பு. எந்த மேன்ஹோலில் தொடங்குவது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்