கசக்காத கடலை: ஜெரால்ட் வோகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வோகன் ஐயா,

குப்பம் பக்கத்து ஊரிலிருந்து எழுதுகிறேன். சித்தூர் மாவட்டத்தின் மூலை. ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, மறுபக்கம் கர்நாடகம். எங்களுக்கு மண்டியில் தெலுங்கு, வீட்டில் தமிழ். இரண்டிலும் பேச்சு வேர்க்கடலைதான். கடலையில் பூசணம் விடும் விஷத்தை ஆராய்ந்த விஞ்ஞானி நீங்கள். 2021-லேயே காலமாகிவிட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அம்மா முறத்தில் கடலை பொறுக்கும்போது சந்தேகமான பருப்பைக் கடித்துப் பார்ப்பார். "கசக்கல, நல்லாத்தான் இருக்கு" என்று நல்லதோடு சேர்த்துவிடுவார். அஃப்ளடாக்சின் என்ற அந்தப் பூசண விஷம் நாக்குக்குப் பிடிபடாது, வறுத்தாலும் முழுசாகப் போகாது என்பதை உங்கள் துறையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்தன. தீவனத்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு இருந்தது, அதில் பூசணம். 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நீங்களும் வேதியியலாளர் ஜார்ஜ் பூகியும் அந்த விஷத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தீர்கள். புற ஊதா விளக்கில் நீலமாக (புளூ) ஒளிரும் வகை பி, பச்சையாக (கிரீன்) ஒளிரும் வகை ஜி. பெயர் வைப்பதில் இவ்வளவு சிக்கனமா! ஒரு டன் தீவனத்தில் வெறும் 15 மில்லிகிராம் இருந்தாலே எலிக்கு ஈரல் புற்றுநோய் வருகிறது என்றும் காட்டினீர்கள்.

எலியோடு நிறுத்தியிருக்கலாம். நீங்கள் மனுஷனிடம் வந்தீர்கள். விஷம் எவ்வளவு உள்ளே போனது என்று அறிய, தின்னதைக் கேட்டால் யார் சரியாகச் சொல்வார்கள்? ஈரலே இந்த விஷத்தைக் கூர் தீட்டி மரபணுவில் ஒட்டவைக்கிறது. அந்த ஒட்டு பெயர்ந்து சிறுநீரில் வருகிறது. அதை அளக்க வழி செய்தீர்கள். ஷாங்காயில் 18,000 ஆண்களுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வில் அது உதவியது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி மட்டும் இருந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் ஆபத்து சுமார் 7 மடங்கு, விஷம் மட்டும் இருந்தவர்களுக்கு 3 மடங்கு. இரண்டும் இருந்தவர்களுக்கு 10 இல்லை ஐயா, கிட்டத்தட்ட 60!

இனி எங்கள் வண்டவாளம். மிஷினில் உடைக்கும்போது பருப்பு நொறுங்கக் கூடாது என்று காய் மேல் தண்ணீர் தெளிப்போம். ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஒரு வருஷம் தெளித்த மூட்டைகள் அடைமழையில் நாலு நாள் அப்படியே கிடந்தன. பிரித்துக் கையை விட்டால் உள்ளே வெதுவெதுவென்று சூடு. விரலெல்லாம் பச்சைப் பொடி. வியாபாரி முகர்ந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, விலையைக் குறைத்தார். நாங்களும் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டோம்.

அது எங்கே போயிருக்கும்? எண்ணெய் மில்லுக்கு. விஷத்தில் பெரும்பங்கு பிண்ணாக்கில் தங்கிவிடும், பிண்ணாக்கு மாட்டுக்குப் போகும், மாட்டின் ஈரல் அதை எம்1 என்ற இன்னொரு வகை விஷமாக மாற்றிப் பாலில் விடும். அந்த வருஷம் எங்கள் வீட்டு மாட்டுக்கும் அதே ஊர்ப் பிண்ணாக்குதான் வாங்கினோம்.

இப்போது தண்ணீர் தெளிப்பதில்லை. காதருகே ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவைக்கிறோம். நொறுங்கல் அதிகம், விலை குறைவு, அப்பாவுக்குக் கோபம்.

போன வாரம் அம்மா பொறுக்கிப் போட்ட சொத்தையை முறத்தோடு மாட்டுத் தொட்டிப் பக்கம் எடுத்துப் போனார். வாங்கிக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன். "ரெண்டு படி இருக்கும்டா" என்றவர் சாயந்தரம் வரை என்னோடு பேசவில்லை.

இப்படிக்கு,
கடலைக்காரர் வீட்டுப் பையன்