ஏரிக்கரைப் பொழுதுகளும் நம் திண்ணையும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. மதுராந்தகத்து வீட்டை இடித்துவிட்டு இரண்டு மாடியாகக் கட்டலாமே என்று நீ தொலைபேசியில் கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க உட்கார்ந்தால் வீட்டைவிட ஏரிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கிளியாற்றுத் தண்ணீர் வந்து சேர்ந்து, ஏரி தன் முழுக் கொள்ளளவான 23.3 அடியைத் தொட்டுக் கலங்கலில் வழியத் தொடங்கிவிட்டால், சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டுக்கூடப் பெண்கள் கரைக்குப் போய்விடுவார்கள். கரை உடைந்துவிடுமோ என்று அஞ்சி மழை இரவில் பார்க்கப்போன ஆங்கிலேயக் கும்பினிக் காலத்துக் கலெக்டர் பிளேஸ் துரையின் கண்ணுக்கு, இராமரும் இலக்குவனும் வில்லேந்திக் காவல் நின்ற காட்சி தெரிந்த கதையை என் பாட்டி அந்தக் கரையில் நின்றபடிதான் சொல்வார். ஏரி காத்த ராமர் கோயிலில் தாயார் சன்னிதிக்கு அழைத்துப்போய், துரையின் பெயர் பொறித்த கல்வெட்டைக் காட்டிய பிறகுதான் அவருக்குக் கதை முடியும்.

ஆனால் எங்கள் உண்மையான கொண்டாட்டம் தண்ணீர் வற்றிய பிறகுதான். பாசனம் முடிந்து, சித்திரையில் ஏரியின் ஓரங்கள் வெடித்துக் கிடக்கும்போது, பிள்ளைகள் நுங்கு வண்டி உருட்டுவதும், கிட்டிப்புள் ஆடுவதும், கோரைக்குள் பறவைக்கூடு தேடுவதுமாக அங்கேயே பொழுதைக் கழிப்போம். அறுவடை முடிந்த வயல்களில் ராட்டினக்காரர்கள் வந்து இறங்குவார்கள். மரத்தொட்டிலைக் கையாலேயே சுற்றும் குடைராட்டினம் அது. சுற்றுபவர் களைத்துப்போனால் எங்கள் சுற்றும் குறைந்துவிடும்.

டூரிங் டாக்கீஸைப் பற்றி உனக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நீ அதைப் பார்த்ததே இல்லை. கீற்றுக் கொட்டகை, மணல் தரை, நடுவில் ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் ஒரு குட்டைத் தடுப்பு. முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துகொள்ளலாம். பின்னால் இருப்பவரும் அதையே செய்வார் என்பதால், படம் முடிவதற்குள் கொட்டகை முழுக்க மேடும் பள்ளமுமாகிவிடும். ஒரே ஒரு புரொஜெக்டர்தான் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விடுவார்கள். முறுக்கும் சுண்டலும் அந்த இடைவேளைகளில்தான் விற்றுத் தீரும். உரிமம் தற்காலிகமானது; காலம் முடிந்ததும் கொட்டகையைப் பிரித்தாக வேண்டும். அதனால் ஒருமுறை பிரித்துப் போனவர்கள் திரும்பி வராதபோது, அது நிரந்தரமாகப் போய்விட்டது என்பதே எங்களுக்கு உடனே புரியவில்லை.

தொலைக்காட்சிதான் எல்லாவற்றையும் அழித்தது என்று உன் அப்பா சொல்வார். சென்னைத் தூர்தர்ஷன் 1975இல் தொடங்கியது உண்மைதான். எண்பதுகளில் நம் தெருவிலும் ஆண்டெனாக்கள் முளைத்தன. ஆனாலும் அது பாதிக் காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ராட்டினத்துக்கும் கொட்டகைக்கும் சில வாரங்கள் யாருக்கும் பயன்படாமல் கிடக்கும் நிலம் வேண்டும். வயல்கள் மனைகளாகி, கல் நட்டு வேலி போட்ட பிறகு, அவர்கள் வந்திருந்தாலும் எங்கே இறங்கியிருப்பார்கள்?

திண்ணையும் அந்த வகைதான். நம் வீட்டுக்குப் பட்டா நம் பெயரில் இருந்தாலும், திண்ணையில் பாதி தெருவுடையது. காலையில் தயிர்க்காரம்மாள் கூடையை இறக்கிவைப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பூத்தொடுக்கும் பெண்களுக்கு அது சொந்தம். மாலையில் பெரியவர்கள் வந்துவிட்டால் நாங்கள் உள்ளே போய்விட வேண்டும் (இதில் எனக்கு அந்தக் காலத்திலேயே வருத்தம் உண்டு). பழைய வீடுகள் எல்லாமே சுகமானவை என்று நான் சொல்ல மாட்டேன். நாட்டு ஓடுகளைக் குரங்குகள் தள்ளிவிட்டுப்போன இரவுகளில் பாத்திரம் பாத்திரமாக எடுத்து ஒழுகலுக்கு வைத்தவள் நான். சமையலறையில் புகைபோக்கி இருந்தும் கண் எரியாத நாள் கிடையாது. சாலையை ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு உயர்த்தியதில், மூன்று படி ஏறிப் போன வாசல் இன்று தெருவுக்குச் சமமாகிவிட்டது; மழைத் தண்ணீர் முற்றத்துக்கே வருகிறது.

ஆகவே என் பதில் இதுதான். சமையலறையையும் பின்கட்டையும் தாராளமாக இடித்துக் கட்டு. மாடி வேண்டுமானால் அதன் மேல் எழுப்பு. முன்கட்டின் மெட்ராஸ் டெரஸ் கூரையில் (மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய பழைய கூரை) தேக்குக் கட்டைகள் இன்னும் உறுதியாக இருக்கின்றன; சுண்ணாம்புப் பூச்சு மட்டும் ஓரிடத்தில் பொரிந்திருக்கிறது. அந்தப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரை விசாரித்து வைத்திருக்கிறேன், சிமெண்டை அதன்மேல் பூசவிடாதே. திண்ணைக்குக் கம்பிக்கதவு போடச் சொல்லி எதிர்வீட்டுக்காரர் அறிவுரை கூறுகிறார். எனக்கு அதில் விருப்பமில்லை. வரைபடம் போடுபவரிடம் இவற்றைச் சொல்லி, எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுது. என் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து முன்கட்டுச் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா