நாகர்கோவில் லேஸுக்கு அருங்காட்சியகத்தில் இடம் வேண்டும்

ஐயா,

நாகர்கோவிலில் 1819-இல் குடியேறிய லண்டன் மிஷன் போதகர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், இவ்வூர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அன்றைய திருவிதாங்கூரில் அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர், 1855-இல் அடிமைமுறை ஒழிவதற்கு முன்பே, லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். இத்தகைய வரலாறு வேறெந்தக் கைவினைக்கு வாய்த்திருக்கும்?

கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்தில் இதற்கெனத் தனிக்கூடம் அமைக்க வேண்டுகிறேன். பழைய கைக்குட்டைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்தால் மட்டும் போதாது. திண்டின் மேல் துளையிட்ட மாதிரி அட்டையைப் பொருத்தி, நூல் சுற்றிய மரக்கட்டைகளை இணை இணையாக முறுக்கியும் குறுக்கே மாற்றியும், ஒவ்வொரு பின்னலையும் குண்டூசியால் நிறுத்தியும் பின்னுகிற முறையை, இக்கலை அறிந்த மூத்த பெண்களே அங்கு அமர்ந்து செய்துகாட்ட வேண்டும். அதற்கு அவர்களுக்கு முறையான மதிப்பூதியமும் தரப்பட வேண்டும். துணி கிழிந்தாலும் அட்டை இருந்தால் அதே வேலைப்பாட்டை மீண்டும் பின்னலாம் என்பதால், வீடுகளில் எஞ்சியிருக்கும் மாதிரி அட்டைகளைத் திரட்டிப் படியெடுப்பதையே மாவட்ட நிர்வாகம் முதல் வேலையாகக் கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், நாகர்கோவில்