மேனேஜரை யார் கவனிக்கிறார்கள்? பிரிட்டனின் கால்பந்து கிளப் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் ஆட்டக்காரர் ஒருவருக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டால் அன்றைக்கே ஸ்கேன் எடுக்கிறீர்கள். பிசியோ, ஓய்வு, படிப்படியான பயிற்சி எல்லாம் தயாராக இருக்கிறது. சம்பளமும் இடமும் எங்கும் போவதில்லை. கோட்டுக்கு வெளியே நின்று அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளரான மேனேஜர் உள்ளுக்குள் நொறுங்கிப்போனால் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்? சர் கென்னி டால்கிலீஷின் வாழ்க்கையை வைத்துத்தான் இதைக் கேட்கிறேன்.

கிளாஸ்கோவில் பிறந்து, ஜாக் ஸ்டீன் மேனேஜராக இருந்த அவ்வூர் கிளப் செல்டிக்கில் உருவானவர் டால்கிலீஷ். 1977இல் 4,40,000 பவுண்டுக்கு லிவர்பூல் அவரை வாங்கியது. ஸ்காட்லாந்துக்காக 102 ஆட்டங்கள், 30 கோல்கள். ஆட்டக்காரராக அவர் யார் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மேனேஜர் வேலை அவருக்கு வந்த நேரத்தைப் பாருங்கள். 1985 மே 29, பிரஸ்ஸல்ஸில் ஹைசல் அரங்கு, லிவர்பூல் ஆட வந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். ரசிகர் கலவரத்தில் 39 பேர் செத்துப்போன அந்த இரவுக்கு மறுநாள் அவரை லிவர்பூலின் ஆட்டக்காரர்-மேனேஜராக அறிவித்தார்கள். வயது 34. முதல் சீசனிலேயே இங்கிலாந்தின் லீக் பட்டம், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் வென்று காட்டினார். செல்சி மைதானத்தில் பட்டத்தை உறுதிசெய்த கோலும் அவர் அடித்ததுதான்.

அப்புறம் 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ. எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி பார்க்கப் போன லிவர்பூல் ரசிகர்களில் 97 பேரின் உயிரைக் குடித்த நெரிசல். லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். புல்தரை முழுக்கப் பூக்கள். டால்கிலீஷும் அவர் மனைவி மரீனாவும் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களோடு உட்கார்ந்தார்கள். அவர் இறுதிச் சடங்குகளுக்கு வரிசையாகப் போனார். ஒரே நாளில் நான்கு சடங்குகளுக்குப் போனதும் உண்டு. 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் நெரிசலில் 66 பேர் இறந்த அன்றும் அவர் அரங்கில் இருந்தவர். மூன்று பேரழிவுகளை நேரில் கண்ட மனிதர், அடுத்த வாரம் யாரை ஆட்டத்தில் இறக்குவது என்றும் யோசிக்க வேண்டியிருந்தது. அவரைத் தாங்கிப் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று சொல்வீர்கள், சரி. ஆனால் விளைவு என்ன ஆயிற்று?

உடம்பில் தடிப்பு தடிப்பாக எழும்பியது. வீட்டில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தார். 1991 பிப்ரவரி 20, எவர்ட்டனின் மைதானமான குடிசன் பார்க்கில் அதே ஊர்ப் போட்டிக் கிளப்பான எவர்ட்டனுடன் எஃப்.ஏ. கோப்பை மறு ஆட்டம். லிவர்பூல் நான்கு முறை முன்னிலை பெற்று நான்கு முறையும் அதை இழந்தது, 4-4. பின்வரிசையை இறுக்க ஒரு மாற்றம் செய்ய வேண்டும் என்று டால்கிலீஷுக்குத் தெரிகிறது. செய்ய முடியவில்லை. ஆட்டத்தை அவரைப்போல் படித்தவர்கள் குறைவு. அவருக்கே கை ஓடவில்லை என்றால் எவ்வளவு தூரம் களைத்திருக்க வேண்டும்! இரண்டு நாள் கழித்து ராஜினாமாவை அறிவித்தார். அப்போது லீக் பட்டியலில் முதலிடம் லிவர்பூலுக்கு.

கோடையில் கிளப் கூப்பிட்டிருந்தால் திரும்பப் போயிருப்பேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். அவருக்குத் தேவைப்பட்டது சில மாத ஓய்வு. அதே ஆண்டு அக்டோபரில் பிளாக்பர்னில் வேலைக்குச் சேர்ந்து, 1995இல் அந்தச் சின்ன ஊர்க் கிளப்பை பிரீமியர் லீக் சாம்பியனாக்கியவர் அவர்.

அவருக்கு முன்னும் பின்னும் வந்த இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்களையும் பாருங்கள். அவரை வளர்த்த ஸ்டீன், ஸ்காட்லாந்து தேசிய அணியின் மேனேஜராக 1985 செப்டம்பர் 10 அன்று கார்டிஃப் மைதானத்தில் ஆட்டம் முடியும் தறுவாயில் சரிந்து விழுந்து, அரங்கிலேயே இறந்தார், வயது 62. லிவர்பூலில் டால்கிலீஷின் இடத்துக்கு வந்த கிரீம் சூனஸுக்கு ஒரே ஆண்டில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை. சில வாரங்களில், 1992 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்துக்கு லண்டனின் வெம்ப்ளி அரங்குக்கு வந்து கோட்டோரம் அணியின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் படுத்திருக்க வேண்டியவரை அங்கே பார்த்த எல்லோரும் அதைத் துணிச்சல் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு இன்று நினைத்தாலும் பதறுகிறது.

காலம் மாறவில்லையா என்றால், கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 ஜனவரியில் அப்போதைய லிவர்பூல் மேனேஜர் யூர்கன் கிளாப் தன் சக்தி தீர்ந்துவருகிறது என்று வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது. ஆனால் ஓய்வெடுக்க அவரும் வேலையை விட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

ஆகவே நான் கேட்பது இதுதான். மேனேஜரோடு போடும் ஒப்பந்தத்தில் மருத்துவ விடுப்பு என்ற பிரிவை எழுதுங்கள்: இரண்டு மாதமோ மூன்று மாதமோ துணை மேனேஜர் அணியை நடத்தட்டும், நாற்காலி அவருக்காகக் காத்திருக்கட்டும். ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் இதயப் பரிசோதனையை அவருக்கும் கட்டாயமாக்குங்கள். அவர் மனம்விட்டுப் பேச ஒரு உளவியல் மருத்துவர் வேண்டும். அங்கே பேசியது எதுவும் நிர்வாகக் குழுவின் காதுக்கு வரவே கூடாது, வந்தால் யாரும் பேச மாட்டார்கள். மேனேஜர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறதே என்று அதன் தலையில் போட்டுவிட்டு ஒதுங்காதீர்கள். அவரை வேலைக்கு வைத்திருப்பது நீங்கள்.

இந்தக் கோடையில் புதிய மேனேஜர்களோடு நீங்கள் கையெழுத்துப் போடும் முன்பே அந்தப் பிரிவைச் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் கால்பந்து ரசிகன் ஒருவன்