கனத்த கார்பன் எல்லாம் உயிரின் தடயமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழம்பாறைகளின் கார்பன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் சுண்ணாம்புப் பாறையில் கார்பன்-13 (சாதாரண கார்பன்-12ஐவிடச் சற்றுக் கனமான கார்பன் அணு வகை) கூடியிருந்தால் அக்கால நீரில் உயிர்கள் செழித்திருந்தன என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். உவர்நீர் அந்த வரிக்குக் கட்டுப்படாது.

அவர் சொன்னது பிழையல்ல. ஒளிச்சேர்க்கை இலேசான கார்பன்-12ஐயே அதிகம் எடுத்துக்கொள்ளும். அந்த உயிர்ப்பொருள் சேற்றில் புதைந்துபோனால் நீரில் எஞ்சும் கார்பன் கனமாகும். ஆனால் உயிரின் உதவியே இல்லாமல் வெயிலும் இதைச் செய்துவிடும்.

நீராவியோடு கார்பன் போவதில்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். நீர் வற்றும்போது, கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் (நீரில் கார்பன் பெரும்பாலும் இருக்கும் வடிவம்) செறிவு ஏறிக்கொண்டே போகிறது. அதில் ஒரு பகுதி கார்பனேட்டாகவும் ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. சுண்ணாம்பு படியும்போதும் இதே வாயு வெளிப்படுகிறது. உப்பு ஏறிய நீருக்கோ வாயுவைக் கரைத்து வைத்திருக்கும் திறன் குறைவு. ஆகவே அது காற்றில் கலந்துவிடுகிறது. 25 டிகிரி செல்சியஸில் இந்த வாயுவின் கார்பன், பைகார்பனேட்டில் உள்ளதைவிட ஆயிரத்துக்குச் சுமார் 8 என்ற அளவில் இலேசானது. இலேசானது போகப்போக மிஞ்சுவது கனத்துக்கொண்டே வரும்.

சாக்கடலின் உவர்நீரை ஆவியாக்கும் குளங்களில் ஸ்டில்லரும் உடன் ஆய்வாளர்களும் இதை அளந்து 1985-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். ஒரு பொது ஒப்பீட்டு அளவைவிடக் கார்பன்-13 ஆயிரத்துக்கு எவ்வளவு கூடுதல் என்று எண்ணுவது வழக்கம். திறந்த கடலின் மேல்நீரில் +1, +2 என்று நிற்கும் இந்த அளவு அங்கே +16 வரை போயிருந்தது. பழம்பாறையில் அப்படி ஓர் எண் கிடைத்திருந்தால் என்னென்ன கதை எழுதியிருப்போமோ!

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. ஆழமற்ற உவர்க்குளங்களின் அடியில் நுண்ணுயிர்ப் படலங்கள் ஒளிச்சேர்க்கை செய்து கார்பன் டை ஆக்சைடைத் தீர்த்துவிடும்போது நீரின் காரத்தன்மை ஏறுகிறது. காற்றிலிருந்து வாயு விரைந்து உள்ளே வருகிறது. அந்த அவசரத்தில் கார்பன்-12 முந்திக்கொள்கிறது. இப்படி உவர்நீரின் கார்பன் மிகவும் இலேசாகிவிடுவதை லாசர், எரேஸ் இருவரும் 1990-இல் காட்டினார்கள். அதாவது உயிர் மும்முரமாக இயங்கும் இடத்திலேயே எண் கீழே இறங்குகிறது. கட்டுரையின் விதிப்படி பார்த்தால் தலைகீழ்.

சுமார் 220 கோடி முதல் 206 கோடி ஆண்டுகளுக்கு முந்திய, பல இடங்களில் கனத்த கார்பனேட்டுகள் (சுண்ணாம்பு வகைப் பாறைகள்) படிந்த லோமகுண்டி காலப் பாறைகள்மீது நடக்கும் சர்ச்சையின் ஒரு பகுதியும் இதுதான். ரஷ்யாவின் கரேலியாவில் +17 அளவுக்குக் கனத்த கார்பனேட்டுகள் உள்ளன. உலகக் கடல் முழுதும் கனத்திருந்ததா, அல்லது வற்றிக்கொண்டிருந்த கரையோரத் தேக்கங்கள் அந்த எண்ணை மிகைப்படுத்தினவா? இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்பதே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.

செவ்வாயையும் விட்டுவிட முடியாது. கேல் பள்ளத்தில் கியூரியாசிட்டி ஊர்தி அளந்த கார்பனேட்டுகள் +72 முதல் +110 வரை இருப்பதாக 2024-இல் முடிவுகள் வந்தன. அங்கே காற்றே +46 அளவில் கனமானது. அதற்கும் மேலே ஏறியதற்கு, நனைந்து உலர்ந்த சுழற்சிகளோ உறைந்துகொண்டிருந்த உவர்நீரோ காரணமாகலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். உயிரை இழுக்கத் தேவையே எழவில்லை.

கட்டுரையின் அட்டவணையில் பாறையின் வயதும் கார்பன் அளவும் மட்டும் இருந்தன. நீர் வற்றியதற்கு அடையாளமான ஜிப்சமோ, உப்புப் படிகங்கள் கரைந்துபோன அச்சுகளோ அந்தந்தப் பாறையோடு காணப்பட்டனவா என்று அட்டவணையில் இன்னொரு நெடுவரிசையையும் அடுத்த பகுதியில் சேர்க்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
வாசகி, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை