கால்சியம் மறந்த கதை

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு எலியின் கல்லீரல்தான் காரணம், நம்பு. உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல்.

"அங்கே அப்படி என்னதான்டா பண்றே?" என்று கேட்டிருந்தாய். உன் மாமாவுக்கு டயாலிசிஸ் செய்தபோது அந்த உருளையைப் பார்த்தாயல்லவா? அதற்குள் தலைமுடி போல மெல்லிய ஆயிரக்கணக்கான குழல்கள் இருக்கும். பெரும்பாலும் பாலிசல்போன் போன்ற செயற்கைச் சவ்வுதான். சிறுநீரகத்தின் வேலைக்கு வடிகட்டல் ஓரளவு போதும். கல்லீரலோ அம்மோனியாவை யூரியாவாக்க வேண்டும், ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தைச் செய்ய வேண்டும். அதற்கு உயிருள்ள செல்லே வேண்டும். கல்லீரலின் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் கருவிக்காக, எலியின் கல்லீரல் செல்லை அந்த மாதிரிச் சவ்வின் மேல் குடியேற்றுவதுதான் என் பாடு.

வெறும் சவ்வில் அது சரியாக ஒட்டாது. உடலில் திசுக்களைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தைப் பூசிவிட்டால் சில மணி நேரத்தில் பிடித்துக்கொண்டு, கல்லில் ஊற்றிய தோசை மாவு போலப் பரவிவிடும். பார்க்க அழகு. ஆனால் சில நாளில் ஆல்புமின் அளவு இறங்கத் தொடங்கும். செல் தன் தொழிலை மறந்துபோகிறது. கேலக்டோஸ் சர்க்கரையைப் பூசினால் கதை வேறு. அதைப் பிடிக்கும் ஏற்பி, அதாவது செல்லின் மேலுள்ள பிடிப்புப் புரதம், கல்லீரல் செல்லில்தான் ஏராளம். பூச்சு நெருக்கமாக இருந்தால் செல்கள் பரவாமல், ஒன்றோடொன்று சேர்ந்து ரவா லட்டு மாதிரி உருண்டையாகும். பிடி தளர்வுதான், ஆனால் வேலை கூடுதல் நாள் நடக்கிறது. எனக்கு இந்த உருண்டைகள் மேல்தான் நம்பிக்கை. சவ்வு நன்றாகப் பிடித்ததா என்று மட்டும் அளந்து திருப்திப்படுகிறவர்களோடு இங்கே தினமும் வாக்குவாதம்.

போன மாதம் ஒரு கூத்து. கல்லீரலைத் தனிச் செல்களாகப் பிரிக்க முதலில் கால்சியம் இல்லாத திரவத்தை ஓட்டுவோம், அப்புறம் கொலாஜனை அறுக்கும் கொலாஜினேஸ் என்ற நொதி. 1969-இல் பெர்ரி, ஃப்ரெண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டிய வழியை ஒட்டியதுதான். செல்களை ஒட்ட வைக்கும்போது கால்சியத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். நான் அவசரத்தில் கால்சியம் இல்லாத அந்தப் பழைய பாட்டிலையே எடுத்துவிட்டேன். கழுவினேன், கேலக்டோஸ் பூசிய ஆறு தட்டும் சுத்தமாகக் காலி! கேலக்டோஸ் ஏற்பி சர்க்கரையைப் பிடிக்கவே கால்சியம் வேண்டும். அது இல்லாமல் எப்படிப் பிடிக்கும்? பாடத்தில் பத்துத் தடவை படித்த விஷயம். இப்போது பாட்டிலில் சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பொங்கலுக்கு வருகிறேன். இன்று மாலை விதைத்த செல்களுக்கு மீடியம், அதாவது ஊட்டத் திரவம், மாற்ற வேண்டும், மணி எட்டாகிறது.

உன்,
குமரன்