உரிமதாரர் அடங்கியிருந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உரிமத் துப்பாக்கிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், "உரிமதாரர்கள் முகநூலில் படம் போடும் ஆசையை விட்டாலே போதும், அவர்களுடைய விவரம் யார் கைக்கும் போகாது" என்று ஒரு வரி இருந்தது. நெடுங்காலமாகச் சந்தா கட்டித் தங்கள் இதழைப் படித்துவரும் எனக்கு அந்த வரி மிகுந்த மனவேதனையைத் தந்தது. எனக்கு முகநூல் கணக்கே கிடையாது. ஆனால் என் தகப்பனார் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் பெற்று, அவருக்குப் பின் என் பெயருக்கு மாறிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று எங்கள் தோட்டத்து வீட்டில் இருப்பது, இன்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் தெரியும்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுவது தாங்கள் அறிந்த நடைமுறைதான். கடந்த தேர்தலின்போது அப்படி ஒப்படைக்கப் போன எங்களை வரிசையாக நிறுத்திக் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். அன்று மாலையே அது உள்ளூர்ச் செய்திப் பக்கம் ஒன்றில் வந்துவிட்டது. துப்பாக்கிக் கட்டையில் சணலால் கட்டியிருந்த அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெயர், ஊர், உரிம எண் அத்தனையும் படிக்க முடிந்தது. சில நாளில், ஊரில் விசாரித்து என் எண்ணை வாங்கிய ஒருவர் தோட்டா விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். இன்னொருவர், துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கும்வரை தோட்டத்துக்கு யார் காவல் என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். அதன்பின் என் வயதான தாயாரை அங்கே தனியாக விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குக்கூட எங்களால் போக முடியவில்லை. முறையிட்டதற்கு, "திருட்டுத் துப்பாக்கியா வைத்திருக்கிறீர்கள், படம் வந்தால் என்ன?" என்ற பதில்தான் கிடைத்தது.

சட்டத்துக்கு நாங்கள் என்றும் கட்டுப்பட்டே வந்திருக்கிறோம். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் இரண்டாகக் குறைத்தது, ஏற்றுக்கொண்டோம். கொண்டாட்டங்களில் சுடுவோருக்குச் சிறைத் தண்டனை என்று அதே திருத்தம் சொன்னதை மனமார வரவேற்றோம். சமூக வலைத்தளங்களில் துப்பாக்கியைக் காட்டுவதற்கு 2022இல் பஞ்சாப் அரசு விதித்த தடையும் சரியென்றே நினைக்கிறேன். ஆனால், எங்களை நாங்களே காட்டிக்கொள்ளக் கூடாது என்று புத்தி சொல்பவர்கள், பிறர் எங்களைக் காட்டிக்கொடுப்பதைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

பத்திரிகை உலகில் இருக்கும் தாங்கள், 2012 டிசம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் நகரை அடுத்த இரண்டு கவுன்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) கைத்துப்பாக்கி அனுமதி பெற்றவர்களின் பெயர், முகவரிகளை ஒரு நாளிதழே வரைபடமாக்கி இணையத்தில் வெளியிட்டதையும், எதிர்ப்பு வலுத்து அடுத்த மாதமே அதை நீக்கியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 ஜூனில் கலிபோர்னியாவில், அரசின் சொந்த இணையதளத்திலிருந்தே துப்பாக்கி அனுமதிக்கு விண்ணப்பித்த ஏறத்தாழ 1,92,000 பேரின் விவரங்கள் வெளியே போயின. படம் போடும் ஆசையா அவர்களைக் காட்டிக்கொடுத்தது?

வீட்டுப் பிள்ளைகளால் வரும் தொல்லையையும் நான் மறைக்கவில்லை. ஆயுத பூஜையன்று அரிவாள், மண்வெட்டியோடு துப்பாக்கிக்கும் சந்தனம், குங்குமம் வைத்ததை என் தங்கை மகன் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். கண்டித்து எடுக்கவைத்தேன். வீட்டுப் பிள்ளையை அதட்ட முடிகிறது. செய்திப் பக்கத்தை யார் அதட்டுவது? ஒருவர் தாமே பொதுவில் வைத்த விவரங்களுக்கு 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்பதை அறிவேன். அந்தக் காவல் நிலையப் படத்தைப் பொதுவில் வைத்தது நாங்கள் அல்லவே.

தங்கள் கட்டுரையின் இணையப் பதிப்பிலும் இதுபோன்ற ஒரு படமே இருக்கிறது. அதில் துப்பாக்கியோடு நிற்கும் முதியவரின் முகமும் அட்டையும் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றை மறைத்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தைப் பிரசுரித்தால், என் பெயரையும் ஊரையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்